சக்கர நாற்காலியும் இன்னொரு கரண்டிச் சோறும்

ஆசிரியருக்கு,

டுஷேன் தசைச்சிதைவு (தசைகள் படிப்படியாகக் கரையும் மரபுநோய்) உள்ள பையன் நடையை இழந்ததும், "பாவம், சாப்பிடட்டும்" என்று இன்னொரு கரண்டி வைக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கலோரியை எரிப்பது தசை. அது கரையக் கரைய உடலின் தேவையும் குறைகிறது. நடக்கும் பிள்ளைக்கு, அதே வயதுப் பிள்ளைகளின் தேவையில் சுமார் 80 சதவீதம், நடை நின்றபின் 70 என்பது தொடக்கக் கணக்கு. இந்நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன் வேறு பசியைக் கிளப்பிவிடும். அதற்காக மாத்திரையைச் சட்டென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. நம்ம டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டு பீன்ஸ் கறி நல்லதுதான், மேலே மிதப்பதை வடித்துவிட்டால். பன்னி சௌவில் (குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பிய டர்பன் உணவு) கறி இருக்கட்டும்; கால் ரொட்டி வேண்டாம்.

பையனைச் சக்கர நாற்காலியோடு எடைபோட்டு, நாற்காலியின் எடையைக் கழியுங்கள். மெத்தை மாறினால் வெறும் நாற்காலியை மறுபடி நிறுக்க வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) ஏமாற்றும்: தசை போன இடத்தில் கொழுப்பு ஏறியிருந்தாலும் எண் சாதாரணமாகவே தெரியும்.

பதின்வயதின் பிற்பகுதியில் எடை தானாக இறங்கினால் மகிழாதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்திருக்கலாம், உடனே பரிசோதியுங்கள்.

சத்துணவு ஆலோசகர்கள் இருவர்,
டர்பன்