சைட்டேசன் எவ்வளவு எண்டு மட்டும் போடாதேங்கோ, என்னத்த கண்டுபிடிச்சவை எண்டும் எழுதுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகத்தில முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் எண்டு வருசா வருசம் ஒரு லிஸ்ட் வருது, அதில எங்கட பல்கலைக்கழக ஆக்களிட பேர் இருந்தா படத்தோட செய்தி போடுறீங்கள், சந்தோசம்தான். ஆனா அந்தச் செய்திய முழுக்க வாசிச்சு முடிச்சாலும் அந்த மனுசன் என்னத்த ஆராய்ஞ்சவர் எண்டு ஒரு வரி கூட இருக்காது. சைட்டேசன் (மற்ற ஆக்கள் தங்கட கட்டுரையில அவரிட கட்டுரைய மேற்கோள் காட்டின தரம்) இவ்வளவு, அத வைச்சுக் கணக்கிடுற எச்-இன்டெக்ஸ் இவ்வளவு, அதோட சரி. கனகாலம் ஏஎல் பயோ படிப்பிச்ச எனக்கு இது சரியான கவலையா இருக்கு.

சார்ள்ஸ் குரோஸ் எண்டு ஒரு அமெரிக்க மூளை விஞ்ஞானி இருந்தவர். 1970ல இருந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில வேலை செய்தவர், 2019ல காலமாயிட்டார். அவரும் கூட்டாளிமாரும் 1960களிட கடைசியில மக்காக் குரங்கிட மூளையில, காதுக்குக் கிட்ட உள்ள டெம்போரல் லோப்பிட கீழ்ப்பக்கத்தில, மெல்லிய எலக்ட்ரோட் (மின்துடிப்ப அளக்கிற கம்பி) ஒண்ட இறக்கி ஒவ்வொரு நியூரோனா, அதாவது நரம்புக் கலமா, என்னத்துக்குத் துடிக்குது எண்டு பாத்துக்கொண்டு இருந்தவை. ஒரு நியூரோன் வெளிச்சத்தில என்னத்தக் காட்டினாலும் அசையவே இல்ல. ஏலாத கட்டத்தில ஆரோ திரைக்கு முன்னால கைய ஆட்ட, அவ்வளவு நேரமும் சும்மா கிடந்த அந்த நியூரோன் படபடவெண்டு துடிக்கத் தொடங்கிட்டுது. பிறகு 12 மணித்தியாலம் கடதாசிய விதம்விதமா வெட்டிக் காட்டிக் காட்டிப் பாத்திருக்கினம், குரங்கிட கை மாதிரி வர வரத்தான் துடிப்பும் கூடியிருக்கு. ஒரு தனி நியூரோன் கை எண்ட ஒரு உருவத்துக்கெண்டே இருக்கு எண்டா அந்தக் காலத்தில ஆர் நம்புவினம், அவைக்கே அத எழுதப் பயம், அமெரிக்காவில எம்ஐடி பல்கலைக்கழகத்தில இருந்த ஹான்ஸ் லூகாஸ் டொய்பர் எண்ட பெரியவர் போடுங்கோ போடுங்கோ எண்டு சொன்ன பிறகுதான் 1969 கட்டுரையில அதச் சேத்தவை.

சேத்தும் என்ன, பத்து வருசத்துக்கு மேல அது சரியா பிழையா எண்டு பாத்து ஒருத்தரும் ஒண்டும் வெளியிடேல்ல. 1981ல குரோசிட ஆய்வுகூடத்தில இருந்தே முகத்துக்குத் துடிக்கிற நியூரோன் பற்றி எழுதினவை. 1997ல நான்சி கான்விஷர் மனுசரிட மூளையில முகத்துக்கெண்டு ஒரு இடத்த ஸ்கேனில காட்டினவ. 2006ல டோரிஸ் ட்சாவோ, வின்றிச் ஃபிரைவால்ட் ஆக்கள் குரங்கு மூளையில அப்பிடி ஒரு இடத்துக்குள்ள எலக்ட்ரோட் விட்டுப் பாத்தா அங்க இருந்த நியூரோன்களில 97 சதவீதம் முகத்துக்குத்தான் துடிச்சது. கான்விஷர், ட்சாவோ, ஃபிரைவால்ட் மூண்டு பேருக்கும் 2024ல மூளை விஞ்ஞானத்துக்கான காவ்லி பரிசு கிடைச்சது. 1975ல ஆராவது இப்ப மாதிரி லிஸ்ட் போட்டிருந்தா அந்தக் கை நியூரோனுக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

அதே குரோசிட இன்னொரு கட்டுரையும் பாருங்கோ. 1999ல எலிசபெத் கூல்டோட சேந்து, வளந்த குரங்கிட மூளைப் புறணியில (மூளையிட வெளிப்படையில) புதுசா நியூரோன் உருவாகுது எண்டு சயன்ஸ் சஞ்சிகையில எழுதினவர். அது உடன பெரிய கதையாப் போச்சு, கன பேர் எடுத்து எழுதினவை, ஆனா அதில மறுத்து எழுதினவையும் உண்டு. 2001ல பஸ்கோ ராக்கிச் ஆக்கள் தாங்கள் பாத்ததில புது நியூரோன் இல்ல எண்டவை, 2006ல கலங்களிட வயசு அறிய மனுசரிட மூளையில கார்பன்-14 அளந்து பாத்த குழுவும் புறணியில அப்பிடி ஒண்டும் இல்ல எண்டு சொன்னது. சரி எண்டு எழுதினாலும் சைட்டேசன், பிழை எண்டு எழுதினாலும் சைட்டேசன், ரெண்டும் ஒரே கணக்கிலதான் விழுது. இந்த ரெண்டு கட்டுரையையும் வெறும் இலக்கத்த வைச்சு எப்பிடி அளக்கிறது?

எச்-இன்டெக்சும் 2005ல ஹேர்ஷ் எண்ட பௌதிகக்காரர் கொண்டுவந்த ஒரு கணக்குத்தான், 20 கட்டுரை ஒவ்வொண்டும் 20 தரமாவது மேற்கோள் காட்டப்பட்டா 20. ஒரு ஆள் எவ்வளவு பேசப்படுறார் எண்டு அதில தெரியும், அத நான் மறுக்கேல்ல. ஆனா எங்கட பெடியள் அந்த இலக்கத்தப் பாத்து எது கெதியா ஏறுமோ அந்த விசயத்துக்குத்தான் ஓடுவினம், திரைக்கு முன்னால 12 மணித்தியாலம் கடதாசி வெட்ட ஆர் வருவினம்?

இன்னொண்டு. 2023ல இலங்கையில இருந்து ஒரு லட்சம் குரங்குகளச் சீனாவுக்கு அனுப்புற கதை வந்தநேரம், ஆய்வுகூடத்துக்குத்தானோ கொண்டுபோகினம் எண்டு சனம் கொதிச்சது, நியாயமான கேள்வி. எங்கட குரங்கும் மக்காக்தான். மிருகத்தில செய்யிற ஆராய்ச்சி எண்டா அதால என்ன விளங்கினது எண்டு சனத்துக்குச் சொல்லவேணும், சைட்டேசன் கணக்க அதுக்குப் பதிலாக் காட்ட ஏலாது.

அதால ஆசிரியர் ஐயா, அடுத்தமுறை லிஸ்ட் வரேக்க உங்கட நிருபர் அந்த விரிவுரையாளருக்கு ஒரு கோல் எடுத்து, "நீங்கள் என்னத்தக் கண்டுபிடிச்சனீங்கள், அத இன்னும் ஆரும் மறுக்கினமா" எண்டு ரெண்டு கேள்வி கேட்டு, வாற பதில ஏஎல் பிள்ளைக்கு விளங்கிற மாதிரி அஞ்சாறு வரியில போடுங்கோ, இடம் காணாட்டி படத்தக் கொஞ்சம் சின்னனாக்குங்கோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.