சொறி சிரங்கு, படர்தாமரைப் பரவல்: வியாசர்பாடியில் தோல் நோய் முகாம் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
குடியிருப்போர்,
வியாசர்பாடி, சென்னை.

பெறுநர்:
மாநகர நல அலுவலர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை.

பொருள்: குடும்பம் முழுமைக்கும் ஒரே நாளில் சிரங்கு சிகிச்சை அளிக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் பாயையும் போர்வையையும் பகிர்ந்து உறங்கும் எங்கள் பகுதி வீடுகளில், சில மாதங்களாகக் குழந்தைகளும் முதியோரும் தீராத அரிப்பால் அவதிப்படுகின்றனர். சென்னையின் புழுக்கத்தில் வருகிற வேர்க்குரு என்றெண்ணிப் பவுடர் போட்டுப் பார்த்தோம். வேர்க்குரு என்றால் உடல் குளிர்ந்ததும் தணிந்துவிடும். இதுவோ இரவில்தான் அதிகமாகிறது. பிள்ளைகள் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து சொறிகிறார்கள். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் சிறு கொப்புளங்கள் காணப்படுகின்றன. இவை சிரங்கின் அறிகுறிகள்.

தோலைக் குடைந்து முட்டையிடும் நுண்ணிய உண்ணியால் வரும் இந்நோயை, புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சேர்த்தது. முதன்முறை தொற்றுபவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம் என்பதால், அறிகுறி இல்லாதவரும் மற்றவருக்குப் பரப்புகிறார். ஆனால் நாங்கள் சென்ற மருத்துவமனையில் நோயாளிக்கு மட்டும் ஒரு பெர்மெத்ரின் களிம்புக் குழாய் தரப்பட்டது. பெரியவர் ஒருவருக்குக் கழுத்து முதல் பாதம் வரை ஒருமுறை பூசவே சுமார் 30 கிராம் வேண்டியிருக்க, அந்த ஒரு குழாயை வீடு முழுவதும் பங்கிட்டுப் பூசியதில் யாருக்கும் குணமாகவில்லை.

வட்டமாகப் படரும் படர்தாமரைக்கோ, மருந்துச்சீட்டு இல்லாமலே குளோபிடசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் கடைகளில் கிடைக்கின்றன. அரிப்பு ஓரிரு நாளில் அடங்குவதால் மக்கள் நம்பி வாங்குகிறார்கள். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே போகிறது, தோலும் மெலிந்துவிடுகிறது. இது எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது. சிமென்ட்டில் வேலை செய்யும் கொத்தனார்களுக்கும், சோப்புத்தூளில் நாளெல்லாம் கைவைக்கும் வீட்டு வேலைப் பெண்களுக்கும் வரும் ஒவ்வாமைத் தடிப்பு வேறு வகை. அவர்களுக்குக் கையுறையும் தக்க ஆலோசனையும் தேவை.

எனவே, தோல் மருத்துவர் பங்கேற்கும் முகாமை எங்கள் பகுதியில் நடத்தி, சிரங்கு உறுதியான வீடுகளில் அனைவருக்கும் ஒரே நாளில் களிம்பு பூசச் செய்யவும், ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை பூசுவதற்கான மருந்தையும் சேர்த்தே வழங்கவும் வேண்டுகிறோம். துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைக்கும் முறையைச் செவிலியர்கள் வீடு வீடாக விளக்கினால் பேருதவியாக இருக்கும். ஸ்டீராய்டு களிம்புகள் சீட்டின்றி விற்கப்படுவதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கவனத்திற்குக் கொண்டுசெல்லுமாறும் தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வியாசர்பாடி குடியிருப்போர்