கீழாநெல்லி குடிக்கலாமா என்று கேட்டிருந்தாய்

மதுரை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி, அதாவது ஈரலைத் தாக்கும் மஞ்சள்காமாலை வைரஸ், 'பாசிட்டிவ்' என்று வந்ததையும், அங்கிருந்தவர்கள் உன் ஃபைலை விரல் நுனியால் தள்ளிவிட்டதையும் படித்துவிட்டு இரண்டு நாளாக எனக்கு மனசே சரியில்லை. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் போட்டெடுத்து ஊர் முழுக்க ஊசி போட்ட காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். பிறக்கும்போதே தாயிடமிருந்தும் இது வந்திருக்கலாம். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு ஆயுசுக்கும் உடம்பில் தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றினால் பெரும்பாலும் தானே போய்விடும். ஒரே வைரஸ்தான், வந்த வயதுதான் வித்தியாசம்.

லேபில் முப்பது வருஷம் இந்தப் பரிசோதனையைச் செய்தவன் நான். அதைக் கண்டுபிடித்தவரின் கதையை உனக்குச் சொன்னதே இல்லை. பாருக் பிளம்பர்க், நியூயார்க்கில் பிறந்த பொது மருத்துவர். மாணவராக இருந்தபோது 1950இல் தென் அமெரிக்காவிலுள்ள சுரினாமுக்குப் போனார். ஒரே ஊரில் ஒரே கொசுக்கடிக்கு நடுவே சிலருக்கு யானைக்கால் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. ஏன் என்ற கேள்வி அவரை விடவே இல்லை. பல நாட்டு மக்களின் ரத்தத்தைச் சேர்த்து ஒப்பிட ஆரம்பித்தார். அப்படிப் பார்க்கும்போது, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நியூயார்க் நோயாளி ஒருவரின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்), ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு வினைபுரிந்து, அதன் அடையாளமாக ஒரு கோடு காட்டியது. அந்தப் பழங்குடியின் ரத்தத்தில் இருந்த பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பேர் வைத்தார். ஆன்டிஜென் என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்நியமாகப் பார்த்து எதிர்க்கும் பொருள். அதற்கும் மஞ்சள்காமாலைக்கும் தொடர்பு உண்டு என்று 1967 வாக்கில் தெளிவானது. அது இந்த வைரஸின் மேலுறை என்பது பிறகு தெரிந்தது. அந்தத் தொடர்புக்கு ஒரு சாட்சி அவர் லேபிலேயே கிடைத்தது: அங்கே வேலை பார்த்த பெண்ணுக்குக் காமாலை வந்தது, அவர் ரத்தத்திலும் அதே ஆன்டிஜென். என் வேலையைச் செய்த ஒருவர் என்பதால் இந்த இடம் எனக்கு எப்போதும் நெஞ்சை அடைக்கும்.

1976இல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸ் ஈரலில் வருஷக்கணக்காகத் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும் என்பதைத் தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1981இல் காட்டினார்கள். அங்கே 1984இல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். சில வருஷங்களில் சிறுவர்களுக்கு வரும் ஈரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது.

இனி கீழாநெல்லிக்கு வருகிறேன். உன் அம்மா மோரில் அரைத்துக் கொடுத்ததை நானும் குடித்திருக்கிறேன். பிளம்பர்க்கே இதை ஆராய்ந்தார், தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் அவரும் மற்றவர்களும் சேர்ந்து 1988இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். அன்றைக்கு எங்கள் லேபில் அவ்வளவு சந்தோஷம்! ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. மனசில்லாமல்தான் சொல்கிறேன்: அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதே.

ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது, ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. வைரஸை அடக்கி வைக்கும். 2018இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கும். தேவைப்படாமலும் போகலாம். பலர் ஆறு மாசத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொண்டு நன்றாக இருக்கிறார்கள்.

மதினிக்கும் பையனுக்கும் பரிசோதனை செய்தாக வேண்டும். மருமகளுக்கு இது ஒன்பதாம் மாசம் என்று எழுதியிருந்தாய். அவளுக்கும் பார்த்திருக்கிறார்களா என்று கேள். எப்படியிருந்தாலும் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டுவிட வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் விடாதே.

பேரனோ பேத்தியோ, தூக்கலாம், கொஞ்சலாம், உன் தட்டிலிருந்தே சோறு ஊட்டலாம். அதனால் ஒட்டாது. உன் ஷேவிங் பிளேடை மட்டும் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மதினியிடம் நானே பேசுகிறேன். ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும், வெறும் வயிற்றோடு இரு.

அன்புடன்,
ராமு