வேலூருக்கு வருகிறார்கள், நாம் டாக்காவுக்குப் போவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்களின் பயணப் பக்கங்களில் இலங்கை, மலேசியா, தாய்லாந்து, துபாய் ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. வங்கதேசமோ புயல், வெள்ளம், அரசியல் கொந்தளிப்பு பற்றிய செய்திகளில் மட்டுமே தலைகாட்டுகிறது. அந்நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவன் என்ற முறையில், இந்தப் பாராமுகம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வங்கதேச மக்களுக்குத் தமிழ்நாடு அறியாத ஊர் அன்று. சிகிச்சைக்காக ஆண்டுதோறும் ஏராளமானோர் அங்கிருந்து வேலூருக்கும் சென்னைக்கும் வருகின்றனர். வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகளும் உணவகங்களும் வங்க எழுத்தில் பெயர்ப்பலகை வைத்திருப்பதை யாரும் காணலாம். டாக்காவின் தேநீர்க் கடைகளில் நான் தமிழ்நாட்டுக்காரன் என்று சொன்னதும், "வேலூரா?" என்று கேட்டவர்கள் பலர், தாயையோ தம்பியையோ அழைத்து வந்து தங்கியிருந்த கதையை அவர்கள் உட்காரவைத்துச் சொன்னார்கள். நோயும் கவலையுமாக நம்மிடம் வந்து நம்மை இவ்வளவு தெரிந்துகொண்டவர்களின் நாட்டை நாம் எட்டிக்கூடப் பார்க்காமலிருப்பது சரியா?

தமிழர் அங்கே செல்ல இதைவிட ஆழமான காரணமும் உண்டு. வங்க மொழியைப் பாகிஸ்தானின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்க வேண்டும் என்று 1952 பிப்ரவரி 21 அன்று, அப்போது பாகிஸ்தானின் பகுதியாக இருந்த டாக்காவில் திரண்ட மாணவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பர்கத், ரஃபீக், ஜப்பார், சலாம் உள்ளிட்டோர் உயிர் துறந்தனர். அவர்களுக்காக மாணவர்கள் இரவோடிரவாக எழுப்பிய நினைவுச் சின்னத்தைச் சில நாள்களிலேயே காவல்துறை இடித்தது. பின்னர் எழுந்த ஷஹீத் மினார் என்னும் தியாகிகள் நினைவுச் சின்னத்தை 1971 போரின்போது பாகிஸ்தான் ராணுவம் தகர்த்தது. விடுதலைக்குப் பின் அதை மீண்டும் கட்டினார்கள். 1999-இல் யுனெஸ்கோ அந்த நாளையே உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு 1939-இல் மாண்ட நடராசனையும் தாளமுத்துவையும், 1964-இல் திருச்சியில் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னச்சாமியையும் நினைவில் வைத்திருக்கும் நமக்கு, பிப்ரவரி 21 நள்ளிரவு தொடங்கி மக்கள் வெறுங்காலுடன் மலரேந்தி ஷஹீத் மினாரை நோக்கி நடக்கும் காட்சியை விளக்கிச் சொல்ல ஒருவரும் தேவையில்லை. வழக்கமாக அம்மாதம் முழுவதும் வங்காள அகாதமி வளாகத்தை ஒட்டிப் பெரும் புத்தகத் திருவிழாவும் நடைபெறுகிறது. வெயிலும் மழையும் வருத்தாத காலம் என்பதால் பயணத்துக்கும் பிப்ரவரியே ஏற்றது.

செல்பவர்கள் புறப்படுமுன் வங்க எண்களைப் பழகிக்கொள்வது நல்லது. பேருந்துகளிலும் வாகனப் பதிவுப் பலகைகளிலும்கூட அவற்றையே எழுதுகிறார்கள் என்பதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். தம் மொழிக்காக உயிர் கொடுத்தவர்கள் அதைத் தெருவிலும் வாழவைத்திருக்கிறார்கள்.

ஆறுகளைக் காணாமல் அந்நாட்டைக் கண்டதாகச் சொல்ல முடியாது. டாக்காவின் சதர்காட் துறையில், புரிகங்கா ஆற்றில், மூன்று நான்கு அடுக்குக் கப்பல்கள் மாலையில் வரிசையாக நிற்கின்றன. தெற்கே உள்ள பரிசால் நகருக்குச் செல்லும் கப்பலில் ஏறினால் விடியும்போது ஊர் வந்துவிடும். கீழ்த்தளத்தில் குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்திருக்க, மேல்தளத்தில் அறை எடுத்தவர்கள் இரவெல்லாம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே போகலாம். 2022-இல் பத்மா ஆற்றின் மீது ஆறு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள பாலம் திறக்கப்பட்ட பின்னர், சாலை வழியே சில மணி நேரத்தில் பரிசாலை அடைய முடிவதால் கப்பல்களில் கூட்டம் குறைந்துவிட்டது. மக்களுக்கு அந்தப் பாலம் பெரும் நன்மை. ஆயினும் பயணிகள் கப்பலையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். மற்றபடி, 177 துறவியர் அறைகள் கொண்ட பஹார்பூர் பௌத்த விகாரமும், பாகேர்ஹாட்டின் பதினைந்தாம் நூற்றாண்டுப் பள்ளிவாசல் நகரமும், சுந்தரவனக் காடுகளும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. நாள்கள் மிகுந்திருந்தால் அவசியம் பார்க்க வேண்டியவை.

நான் சென்று வந்தது 2024-க்கு முன்பு. அவ்வாண்டு நடந்த மாணவர் எழுச்சியையும் ஆட்சி மாற்றத்தையும் ஒட்டி, கொல்கத்தா–டாக்கா மைத்ரி விரைவு ரயில் நிறுத்தப்பட்டது. விசா வழங்குவதும் பாதிக்கப்பட்டது. எனவே இந்திய வெளியுறவுத் துறையின் அறிவுரையையும் விசா நிலவரத்தையும் தெரிந்துகொண்ட பிறகே யாரும் பயணத்தைத் திட்டமிட வேண்டும். அரசுகளுக்கிடையே கசப்பு வந்துள்ள இந்த வேளையில்தான் மக்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்துப் பேசுவது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

தங்கள் நாளிதழ் தன் செய்தியாளர் ஒருவரை வரும் பிப்ரவரியில் டாக்காவுக்கு அனுப்பி, ஷஹீத் மினாரையும் புத்தகத் திருவிழாவையும் பற்றி நேரில் கண்டு எழுதச் செய்ய வேண்டும் என்றும், செல்லும் வழி, செலவு, விசா நடைமுறை ஆகியவற்றையும் அக்கட்டுரையுடன் வெளியிட வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.