2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, மூத்த ஆசிரியப் பெருமக்களே, நண்பர்களே, வணக்கம்.

தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர் பயிற்சி முடித்தவர்களும் இப்போது பயின்றுகொண்டிருப்பவர்களும் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் ஓராண்டு வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது, அதை நான் தொடப்போவதில்லை. போன வருட அறிக்கை நீளம் என்று சிலர் சொன்னீர்கள். இந்த முறையும் ஒரு பகுதி நீளமாகத்தான் இருக்கும். பயிற்சி ஆசிரியர்களோடு நாம் செய்த வேலையைப் பற்றிய பகுதி அது. மற்றதையெல்லாம் குறைத்துவிட்டேன்.

முதலில் கழகத்தின் செய்தி. சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1950இல் தொடங்கியது. அந்தக் கணக்கில் 2025 எழுபத்தைந்தாவது ஆண்டு. 1973இல் அந்தக் கல்லூரி கல்விக் கழகமாக மாறியது. 1991 ஜூலை 1 அன்று உடற்கல்விக் கல்லூரியும் அதோடு இணைந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகத் தேசியக் கல்விக் கழகம் பிறந்தது. 2000இல் புக்கிட் தீமா வளாகத்தைக் காலி செய்துவிட்டு ஜூரோங் மேற்கில் இப்போதுள்ள இடத்துக்குப் போனார்கள்.

இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் விசாரிக்கும்போது எந்த ஆண்டு படித்தீர்கள் என்று கேட்பதில்லை. “நீங்க பேட்டர்சன் ரோடா, புக்கிட் தீமாவா, நன்யாங்கா?” என்று படித்த வளாகத்தை வைத்துத்தான் கேட்கிறார்கள். எழுபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி நாம் வைத்த தேநீர்ச் சந்திப்பில் மூன்று வளாகத்தாரும் தனித்தனி மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். கலந்து உட்காருங்கள் என்று தலைவர் ஒலிபெருக்கியில் கேட்டும் பயன் இல்லை. பழைய படங்களை மேசைக்கு மேசை சுற்றவிட்ட பிறகுதான் எழுந்து வந்தார்கள். அன்று வந்த படங்களை மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறோம். பெயர் தெரியாத முகங்கள் நிறைய உண்டு. அடையாளம் காட்ட முடிந்தவர்கள் உதவுங்கள்.

மே மாதம் கல்வி அமைச்சராகத் திரு டெஸ்மண்ட் லீ பொறுப்பேற்றார். அக்டோபரில், பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு ஆசிரியர்களைப் பற்றி நடத்திய அனைத்துலக ஆய்வின் முடிவுகள் வெளியாயின. அதன்படி சிங்கப்பூர் ஆசிரியர் வாரத்துக்குச் சராசரியாக 47.3 மணி நேரம் வேலை செய்கிறார். அந்த அமைப்பின் நாடுகளில் சராசரி 41 மணி நேரம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தியைப் போட்டதும் வந்த முதல் பதில், “யாருப்பா அந்த 47 மணி நேரத்துல முடிக்கிறவரு, அவரை அறிமுகப்படுத்துங்க” என்பது.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் இங்கே நால்வரில் மூவர், மற்ற நாடுகளின் சராசரி மூன்றில் ஒரு பங்கை ஒட்டி என்றும் அதே ஆய்வு சொன்னது. இதைப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் தமிழாசிரியருக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. நாம் நடத்திய பயிலரங்கில் பயிற்சி ஆசிரியர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவி திருத்திய கட்டுரையைக் காட்டினார். பையன் “மழை பெஞ்சு சட்டை நனைஞ்சிருச்சு” என்று எழுதியிருந்தான். எழுத்துத் தமிழில் இரண்டு சொல் மாற்றினால் போதும். கருவியோ “மழைப்பொழிவின் காரணமாக எனது உடை ஈரமடைந்தது” என்று கொடுத்திருந்தது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை எழுதிய வாக்கியமும் அங்கே இல்லாமல் போயிற்று. பாடத்துக்கான கேள்வி தயாரிக்கவும் படங்களை வரிசைப்படுத்தவும் கருவியை வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை எழுதியதைத் திருத்துவதை ஆசிரியரே செய்யுங்கள் என்று பயிலரங்கை முடித்தோம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இனி நீளமான பகுதி.

கழகத்தில் சேர்பவர்கள் பள்ளிக்குப் போய்க் கற்பித்துப் பழகும் காலம் பல கட்டங்களாக வரும். முதலில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அப்புறம் உதவியாக இருப்பார்கள், கடைசியில் பத்து வாரம் வகுப்பைத் தாங்களே எடுப்பார்கள். அந்தப் பத்து வாரம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பகலில் வகுப்பு, இரவில் பாடத்திட்டம், இடையில் கழகத்திலிருந்து மேற்பார்வையாளர் எப்போது வருவாரோ என்ற பயம். தமிழுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் தமிழ்ப் பிரிவு சின்னது. பக்கத்து நாற்காலியில் கணக்கு ஆசிரியர் இருப்பார், சீன ஆசிரியர் இருப்பார்; வழிகாட்டும் ஆசிரியரும் வகுப்புக்குப் போய்விட்டால் தமிழில் ஒரு சந்தேகம் கேட்க ஆள் இருக்காது.

அதனால்தான், ஓய்வுபெற்ற ஆசிரியர்களைப் பயிற்சி ஆசிரியர்களோடு இணைத்துவிடலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. வார நாள்களில் தொலைபேசி, சனிக்கிழமை காலையில் சமூக மன்றத்து அறை. பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் பேச்சில் கொண்டுவரக் கூடாது, கழகத்து மேற்பார்வையாளர் சொன்னதற்கு மாறாக எதுவும் சொல்லக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு தொடங்கினோம். மூன்றாவது நிபந்தனை பிறகு சேர்ந்தது. முதல் பத்து நிமிடம் பயிற்சி ஆசிரியர் மட்டுமே பேச வேண்டும் என்பது அது. ஏன் சேர்த்தோம் என்பது ஓய்வுபெற்ற ஆசிரியர்களை அறிந்த எல்லோருக்கும் புரியும். முப்பது வருடம் வகுப்பை நடத்தியவரிடம் ‘கொஞ்சம் கேளுங்கள்’ என்பது லேசான காரியமா?

அதிகம் பேசப்பட்டது, வகுப்பில் ஆசிரியர் எப்படிப் பேசுவது என்பதுதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்குள்ள இந்தியர்களில் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுகிறோம் என்றவர்கள் 59.2 விழுக்காடு. தமிழ் என்றவர்கள் 27.2 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் தமிழ் 36.7 விழுக்காடாக இருந்தது. இந்த எண்கள் ஒவ்வொரு கருத்தரங்கிலும் வரும், கேட்டுக் கேட்டுச் சலித்தும் போய்விட்டது. ஆனால் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்புக்குள் நுழையும் பயிற்சி ஆசிரியருக்கு அது எதிரே உட்கார்ந்திருக்கிறது. அவர் “அனைவரும் அமருங்கள், உங்கள் நூல்களைத் திறந்துகொள்ளுங்கள்” என்கிறார். பிள்ளைகள் விழிக்கிறார்கள். பக்கத்துப் பையன் புத்தகத்தை எடுப்பதைப் பார்த்து மற்றவர்களும் எடுக்கிறார்கள். ஆசிரியருக்குத் தம் பேச்சு புரிந்துவிட்டதாக ஒரு நிம்மதி.

தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழு 2005இலேயே வகுப்பறையில் நல்ல பேச்சுத்தமிழுக்கு இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கழகத்தின் தமிழ்ப் பிரிவில் முனைவர் சீதாலட்சுமி போன்றோர் இங்குள்ள பேச்சுத்தமிழை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கொள்கை அளவில் சண்டை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சனிக்கிழமை அறையில் அது முடியவில்லை. மூத்தவர் ஒருவர், “வீட்டில்தான் கேட்க வழியில்லை, பள்ளியிலாவது நல்ல தமிழ் காதில் விழட்டும்” என்றார். “காதில் விழுந்தால் போதுமா ஐயா, வாயில் வர வேண்டாமா?” என்று இரண்டாம் ஆண்டுப் பயிற்சி ஆசிரியை ஒருவர் திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அதே இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாடத்தை எழுதினார்கள். கதையை வாசிக்கும்போது எழுத்துத் தமிழ், கதையைப் பற்றிப் பேசும்போது “நரி ஏன் அப்படிச் செஞ்சுச்சு? நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?” என்று பேச்சுத்தமிழ். எது எங்கே என்று பாடத்திட்டத்திலேயே இரண்டு நிறத்தில் குறித்திருந்தார்கள். என் கருத்தைக் கேட்டால், இந்த ஆண்டு சங்கம் செய்ததில் உருப்படியானது அந்த ஒரு தாள்தான். அதைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுத்திருக்கிறோம்.

அடுத்து, படங்கள். பாடத்துக்கு இணையத்தில் படம் தேடினால் மாட்டுவண்டி வருகிறது, கிணறு வருகிறது. நம் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துச் சொல்ல எதுவும் இல்லை. வாய்மொழித் தேர்வில் காணொளி பார்த்துக் கருத்துச் சொல்லும் பகுதி வந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. ஆகவே உறுப்பினர்கள் சிலர் ஒரு காலைப்பொழுது தேக்கா சந்தைக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். மீன் கடை, வாழையிலைக் கட்டு, பூக்கடை, மேல்மாடித் துணிக்கடை, பைகளைத் தூக்கிக்கொண்டு தாத்தாவுக்குப் பின்னால் நடக்கும் பணிப்பெண். வியாபாரிகளிடம் அனுமதி கேட்டே எடுத்தோம், பிள்ளைகளின் முகம் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். ஒரு பயிற்சி ஆசிரியர் இந்தப் படங்களை வைத்துத் தொடக்கநிலை மூன்றில் பாடம் நடத்தினார். வருடம் முழுக்கத் தமிழ் வகுப்பில் வாய் திறக்காத சிறுமி, “இந்த அங்கிள் எங்க பாட்டிக்குத் தெரியும், சுறா புட்டுக்கு அவர்கிட்டதான் வாங்குவாங்க” என்றாளாம். அங்கிள் என்றாளே என்று கவலைப்பட்ட உறுப்பினருக்கு, சுறா புட்டு வந்ததே என்று பதில் சொன்னேன்.

நேரம் பற்றியும் நிறையப் பேச்சு நடந்தது. அரை மணி நேர வகுப்புக்கு ஐந்து நடவடிக்கைகள் எழுதிக்கொண்டு வருவார்கள். இரண்டை அடியுங்கள் என்றால் மனசு வராது. மணி அடித்தபின் வகுப்பில் தொண்டை வறள நின்ற ஒருநாள் போதும், அடுத்த நாள் அவர்களே அடித்துவிடுகிறார்கள். இதற்கு நம் வழிகாட்டல் பெரிதாகத் தேவைப்படவில்லை.

பயிற்சியை முடித்தவர்கள் ஆசிரியர் உறுதிமொழி எடுத்துக்கொண்ட விழாவுக்கு நம் வழிகாட்டிகளில் சிலரை அவர்களே அழைத்திருந்தார்கள். அழைப்பு வந்தவர்கள் வராதவர்களிடம் அதைக் காட்டிக்கொண்டு திரிந்ததும் இந்த ஆண்டின் நிகழ்வுகளில் ஒன்றாகப் பதிவாக வேண்டும்.

பாலர் கல்விப் பக்கம் ஒரு செய்தி. கழகத்தின் கீழ் 2019 முதல் தேசியப் பாலர் பருவ மேம்பாட்டுக் கழகம் இயங்குகிறது. நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாகத் தமிழும் பாலர் கல்வியும் சேர்ந்த பட்டயப் படிப்பும் உண்டு. அங்கிருந்து இளையர்கள் நம் சங்கத்தில் சேர ஆரம்பித்திருக்கிறார்கள். நம் சட்டவிதிப்படி அவர்கள் முழு உறுப்பினராக முடியுமா என்ற கேள்வி எழுந்தது. விதித் திருத்தம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது செயற்குழுவின் ஒருமித்த பரிந்துரை. பிள்ளைக்குத் தமிழ் முதலில் காதில் விழுவது நான்கு வயதில் என்றால், அந்த வயதில் அவர்களோடு இருப்பவரை வெளியே நிறுத்துவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

கழகத்து மாணவர்களின் சேவைவழிக் கற்றல் குழு ஒன்று நம்மை அணுகி, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் கதை சொல்லும் மாலைகளை நடத்தியது. பாய், தண்ணீர், பிஸ்கட் நாம் கொடுத்தோம். கதையை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நன்றாகவே நடந்தது.

ஜூலையில் தமிழ் முரசுக்குத் தொண்ணூறு வயது நிறைந்தது. 1935இல் தொடங்கிய நாளிதழ். மாணவர் பக்கங்களை வகுப்பில் பயன்படுத்துவது பற்றி ஒரு சிறு பகிர்வு வைத்தோம். 2002 முதல் வழங்கப்படும் நல்லாசிரியர் விருதுக்குப் பரிந்துரைக்கும் விஷயத்தில் மட்டும் நம் உறுப்பினர்கள் ஏனோ தயங்குகிறார்கள். அடுத்தவரைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதுவது குற்றமா என்ன? வரும் ஆண்டில் இதற்கென்றே ஒருவரை நியமிக்கலாம்.

இடம் பற்றிய புகார். சனிக்கிழமைச் சந்திப்புகளில் ஒன்றுக்கு நாம் முன்பதிவு செய்திருந்த அறையை அதே நேரத்துக்கு யோகா வகுப்புக்கும் கொடுத்திருந்தார்கள். அன்று கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து பாடத்திட்டம் பார்த்தோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கழகத்திலேயே கூட்டம் வைக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். வைத்தும் பார்த்தோம். பூன் லே போய் அங்கிருந்து 179 பேருந்து பிடித்து வருவதற்குள் ஈசூன், பாசிர் ரிஸ் உறுப்பினர்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது. ஜூரோங் வட்டார ரயில் பாதை பல்கலைக்கழகத்துக்குள் வந்து சேரும்வரை நகர மையத்திலேயே சந்திப்போம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு அறிக்கை வாசித்து முடிந்ததும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம். அவர்கள் குடும்பத்தினர் கொடுத்த புத்தகங்களில் பழைய பயிற்சிக் கல்லூரிக் காலத்துக் கையேடுகள் உண்டு. பத்திரப்படுத்த நல்ல இடம் கிடைக்கும்வரை துணைத்தலைவர் வீட்டில் இருக்கின்றன.

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள் சங்கப் பதிவாளருக்கு ஆண்டு விவரங்களை அனுப்ப வேண்டும். புதிய செயற்குழுவில் தேர்வாகிறவர்கள் இன்றே தங்கள் விவரங்களைக் கொடுத்துவிட்டுப் போனால் உங்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

அடுத்த கற்பித்தல் பயிற்சிக் காலத்துக்கு வழிகாட்டிகள் இன்னும் தேவை. குறிப்பாக உயர்தமிழ் கற்பித்தவர்களும் கல்வி ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளோடு வேலை செய்தவர்களும். படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பீஹூனும் தேநீரும் அந்த மேசையைத் தாண்டித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன, வேண்டுமென்றேதான்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்