தலைக்கு வந்தது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கழுத்து. தேய்மானம் என்கிறார் டாக்டர். கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் காகிதம் தெரிவதில்லை, கழற்றினால் வலிக்கிறது. அட்டையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள். இந்த நேரம் பார்த்து நீ ராணுவ ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய்!

உன் மாப்பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றியில் இரவுக் கண்ணாடி மாட்டும் தகடு, இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி சட்டம், அதில் ஒரு டார்ச், பின்மண்டையில் ஒரு சின்னப் பை. "காது ரெண்டும் வெளியே தெரியுதே, இதில் என்ன பாதுகாப்பு, நம்ம இரும்புச் சட்டியே தேவலை" என்று கொதித்திருக்கிறாய். உன் கோபம் பாதி நியாயம்தான். மீதிப் பாதிக்குப் பதில் உன் இடது காதிலேயே இருக்கிறது.

வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் முனைக்கு நேராகத் திரும்பி இருக்கும். வலது காது தலையின் மறைவில் ஒதுங்கிவிடும். ரைபிள் வெடிக்கும் சத்தம் 150 டெசிபெலுக்கு மேல். உன் இடது காதில் இன்றைக்கும் வண்டு கத்துகிறதே, அது அங்கிருந்து வந்ததுதான். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். மாட்டினால் கட்டளை கேட்காது என்று நீங்கள் எல்லாரும் அதைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தீர்கள். இப்போது வருகிற காது மூடியில் வெளிப்பக்கம் மைக் இருக்கிறது. பக்கத்தில் ஒருவன் கிசுகிசுத்தால் பெரிதாக்கிக் கேட்க வைக்கும், வெடிச் சத்தத்தை அந்தக் கணமே மட்டுப்படுத்திவிடும். ரேடியோவும் அதிலேயே. ஆனால் அந்த மூடி காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் ஒட்டி உட்கார வேண்டும். மேலே ஹெல்மெட் விளிம்பு வந்து அழுத்தினால் ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும், சத்தம் உள்ளே வந்துவிடும். அதனால்தான் காதுக்கு மேல் வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் சில்லு பட்டால் பட்டதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் காது கேட்கிற சிப்பாய்க்கு ஆபத்து முன்கூட்டியே தெரியும். என்னைக் கேட்டால் அந்த வெட்டு சரி என்றுதான் சொல்வேன்.

இரும்புச் சட்டி குண்டைத் தடுத்தது என்று நினைக்காதே. முதல் உலகப் போர் தொடங்கும்போது பிரெஞ்சுக்காரன் துணித் தொப்பியோடும், ஜெர்மன்காரன் மேலே கூர்வைத்த தோல் தொப்பியோடும்தான் போனான். பதுங்குகுழிக்குள் இருந்தவர்களைக் கொன்றது பெரும்பாலும் தலைக்கு மேல் வெடித்துச் சிதறிய சில்லுகள். காயம்பட்ட ஒருவன் தொப்பிக்கு அடியில் சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்திருந்ததால் பிழைத்தான், அவனைப் பார்த்துத்தான் அகுஸ்ட் லூயி அட்ரியான் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரிக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1915இல் அவர் பெயரில் பிரெஞ்சு ஹெல்மெட் வந்துவிட்டது. சுமார் முக்கால் கிலோதான், மெல்லிய தகடு. அதே ஆண்டு ஜான் பிரோடி என்பவர் பிரிட்டனில் அகலத் தட்டைக் கவிழ்த்த மாதிரி ஒன்றைப் பதிவுசெய்தார். மாங்கனீசு எஃகு, ஒரே அழுத்தில் அடித்தது. ஆரம்பத்தில் வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுத்தது என்று பெயிண்டில் மணலோ மரத்தூளோ கலந்து பூசினார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது 1916இல் வந்த ஜெர்மன் ஹெல்மெட். நெற்றிப் பக்கம் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், படத்தில் பார்த்திருப்பாய். அழகுக்கு வைத்ததில்லை. காற்றுப் போக அதில் துளை, கூடவே ஒரு தடித்த நெற்றித் தகட்டை மாட்டிக்கொள்ளும் கொக்கியும் அதுதான். காவலுக்கு நிற்பவனும் குறிபார்த்துச் சுடுபவனும் நேர்க் குண்டுக்கு அந்தத் தகட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். தகடு ஹெல்மெட்டைவிடவே கனம். முழுக்க முன்பக்கம் தொங்கும். மாட்டிக்கொண்டு எத்தனை நேரம் நிமிர்ந்து நிற்பாய்? பெரும்பாலோர் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். ஹெல்மெட்டுக்கு வந்த முதல் துணைக்கருவிகளில் ஒன்று, அதைக் கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்போமே. ஹெல்மெட் அந்தத் தலைப்பாகைதான். ஆனால் விமானிகளுக்கு ஹெல்மெட் பொருத்தும் பிரிவில் நான் வேலை பார்த்த முப்பது வருஷத்தில் கண்டது என்னவென்றால், தலைக்கு வந்தது பல நேரம் தலைப்பாகையைத் தாண்டிக் கழுத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, உன் சட்டிக்கு வருகிறேன். அமெரிக்கர்கள் 1941இல் கொண்டுவந்த எம்-1 மாதிரிதான் அதுவும்: வெளியே எஃகு ஓடு, உள்ளே தனியாகக் கழலும் லைனர் என்கிற உள்கூடு. ஓட்டை மட்டும் கழற்றி முகம் கழுவலாம், மண் அள்ளலாம், மேலே உட்காரலாம். அடுப்பில் வைத்துத் தண்ணீர் சுடவைத்தால் எஃகின் பதம் கெடும் என்று எச்சரித்தும் யாரும் கேட்டதில்லை. தாடைப் பட்டையை மட்டும் நீங்கள் மாட்டவே மாட்டீர்கள். வெடி அதிர்ச்சியில் ஹெல்மெட் பிய்த்துக்கொண்டு போகும்போது கழுத்தையும் சேர்த்து முறித்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்துக்காகவே, ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி ஒன்றைச் செய்தார்கள். கொக்கி வந்த பிறகும் பட்டைகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

அப்புறம் கெவ்லார். டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெஃபனி குவோலெக் 1965இல் கண்டுபிடித்த இழை. துணியாக நெய்து, பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து அழுத்திய ஹெல்மெட் எண்பதுகளில் அமெரிக்கப் படைக்கு வந்தது. அதன்மேல் உட்காரவும் கூடாது, தூக்கி எறியவும் கூடாது. எஃகு நெளிந்தால் கண்ணுக்குத் தெரியும். அடுக்கு உள்ளுக்குள் பிரிந்தால் வெளியே தெரியாது. இப்போது இன்னும் லேசான பாலிஎத்திலீன் இழை வந்திருக்கிறது. உன் மாப்பிள்ளை தலையில் இருப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இழை ஹெல்மெட்டுகளைப் பொதுவாகச் சோதிப்பது 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டால். நொடிக்கு 427 மீட்டர் வேகம். ரைபிள் குண்டு எழுநூறைத் தாண்டும், அது வேறு சமாசாரம். குண்டு துளைக்காவிட்டாலும் ஓடு உள்பக்கமாகப் புடைக்கும், அந்தப் புடைப்பு மண்டையைத் தொட்டால் எலும்பு உடையும். அதனால் பொம்மைத் தலையில் களிமண் வைத்து, ஹெல்மெட்டை மாட்டிச் சுட்டு, களிமண்ணில் விழுந்த பள்ளத்தை அளக்கிறார்கள். அமெரிக்கர்களின் ஒரு ஹெல்மெட்டுக்கு நெற்றிப் பக்கம் வைத்த வரம்பு சுமார் 25 மில்லிமீட்டர். தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே மெத்தையும் இடைவெளியும் விடுவது இதற்காகத்தான். தொப்பி மாதிரி கச்சிதமாக இருக்கட்டும் என்று சின்ன அளவை வாங்கிப் போட்டால் அந்த இடைவெளி போய்விடும். மாப்பிள்ளையிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்.

உனக்குச் சாதகமாகவும் ஒரு செய்தி உண்டு. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தில் முதல் உலகப் போர் ஹெல்மெட்டுகளையும் இன்றைய ஹெல்மெட்டையும் பொம்மைத் தலையில் மாட்டி, தலைக்கு நேர் மேலே வெடி அலையை விட்டுப் பார்த்தார்கள். உச்சந்தலைக்கு வந்த அழுத்தத்தைக் குறைப்பதில் 1915ஆம் ஆண்டு அட்ரியான் இன்றையதை முந்தியது. அதன் உச்சியில் நீளவாக்கில் ஓடும் கொண்டை அலையைத் திருப்பிவிட்டிருக்கலாம் என்கிறார்கள். சில்லையும் குண்டையும் தடுப்பதில் அது இன்றையதன் பக்கத்தில்கூட வராது. அதனால் ரொம்பத் துள்ளாதே.

இனி என் பக்கம். விமானிகளின் ஹெல்மெட் குண்டுக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். மோதல், சத்தம், ஆக்சிஜன், ரேடியோ, குதிக்கும்போது முகத்தில் அறையும் காற்று, இதற்குத்தான். எங்கள் பிரிவில் பாதி நாள் தலைக்கு அச்சு எடுப்பதிலேயே போகும். குழிகுழியாக அழுத்திய பிளாஸ்டிக் அடுக்கை அடுப்பில் சூடாக்கி, ஹெல்மெட்டுக்குள் வைத்து, விமானி தலையில் மாட்டி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிப்பேன். ஆறியதும் அவர் மண்டை வடிவம் அதில் பதிந்துவிடும். பிறகு அரை மணி நேரம் அப்படியே உட்காரச் சொல்வேன். கழற்றியதும் நெற்றியில் எங்காவது சிவந்திருந்தால் அதுதான் 'ஹாட் ஸ்பாட்'. தரையில் ஒரு ரூபாய்க் காசு அளவு சிவப்பு, மேலே ஒரு மணி நேரத்தில் மண்டையைப் பிளக்கும் வலியாகிவிடும். ஒருவர் மூன்று தடவை திரும்பி வந்தார், உச்சியில் குத்துகிறது என்று. கடைசியில் பார்த்தால் உள்துணி அரை அங்குலம் மடிந்து கிடந்தது. மடித்து மாட்டியவன் நான்தான். அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

எங்கள் ஹெல்மெட் ஒரு கிலோவுக்கு மேல், முகமூடி தனி. 9 ஜி திருப்பத்தில், அதாவது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு அழுத்தும்போது, ஒரு கிலோ ஒன்பது கிலோ ஆகிவிடும். எங்களிடம் ஒவ்வொரு கிராமுக்கும் சண்டை நடக்கும். இந்த நிலைமையில்தான் அதன்மேல் குறிபார்க்கும் கருவியும் வந்து ஏறியது. எண்பதுகளில் மிக்-29 போர் விமானத்தின் விமானி எதிரியைத் திரும்பிப் பார்த்தாலே போதும், ஏவுகணையின் கண்ணும் அங்கே திரும்பும். அப்பாச்சி ஹெலிகாப்டரில் வலக் கண்ணுக்கு முன்னால் சின்னக் கண்ணாடி, தலை திரும்பும் பக்கம் அடியில் இருக்கும் 30 மி.மீ. பீரங்கியும் திரும்பும். ஒரு கண் திரையை, மறு கண் வெளியைப் பார்க்க வேண்டும். பழகும்வரை தலைவலிதான்.

இப்போது எஃப்-35 போர் விமானம். வேகமும் குறியும் காட்டும் கண்ணாடித் திரை விமானி முன்னால் கிடையாது, எல்லாம் முகமறைப்பில் தெரியும். விமானத்தைச் சுற்றி ஆறு கேமரா, கீழே குனிந்தால் தரை தெரியும், தரை என்றால் விமானத்துக்குக் கீழே இருக்கும் பூமி. இரண்டு கண்ணின் பாப்பாவுக்கு நடுவே உள்ள தூரம்வரை அளந்து ஆளாளுக்குத் தனியாகச் செய்கிறார்கள். இவ்வளவும் சேர்ந்து எடை இரண்டு கிலோவைத் தாண்டியது. 2015இல் ஒரு தடை போட்டார்கள்: 62 கிலோவுக்குக் குறைவான உடல் எடை உள்ளவர் அதில் பறக்கக் கூடாது. இருக்கையோடு வெளியே எறியப்படும்போது கழுத்து தாங்காது என்று சோதனையில் தெரிந்தது. ஹெல்மெட்டை லேசாக்கி, இருக்கைக்குத் தலைதாங்கி வைத்து, எடை குறைந்தவருக்குப் பாராசூட் கொஞ்சம் தாமதமாக விரியும்படி மாற்றி, 2017இல்தான் தடையை நீக்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு நான் மடித்து மாட்டிய உள்துணி ஞாபகத்துக்கு வந்தது, ஏன் என்று கேட்காதே.

உன் மாப்பிள்ளை ஹெல்மெட்டின் பின்பக்கம் இருக்கும் பை என்ன என்று கேட்டிருந்தாய். ஒற்றைக் கண் இரவுக் கருவியே முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம். நெற்றிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பதால் அந்த எடை இன்னும் அதிகமாக இழுக்கும். அதைச் சமன்செய்யப் பின்னால் பேட்டரியையோ வெறும் எடைக் கட்டியையோ வைக்கிறார்கள். முன்னால் இருக்கும் கனத்தைச் சமாளிக்கப் பின்னால் கனம்! ஆனால் வேறு வழியில்லை, தலை முன்னால் கவிழ்வதைவிட மொத்தக் கனம் கூடுவது மேல். ஹெலிகாப்டர் விமானிகளிடம் நான் சொல்வது இதுதான்: கருவி நெற்றியில் இல்லாத நேரத்தில் பின் எடையையும் கழற்றி வைக்க வேண்டும். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். மறுநாள் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

நம் காலத்தில் பின்னால் இருந்தது அந்த எலாஸ்டிக் பட்டை மட்டும்தான். 'பூனைக் கண்' என்று இரண்டு துண்டு தைத்திருக்குமே, இருட்டில் பின்னால் வருகிறவனுக்குப் பச்சையாக மினுங்கும். நீ கொடுத்த பட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. பகல் முழுக்க ஜன்னலில் வைத்து ராத்திரி பார்த்தேன், மினுங்கவில்லை.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மாப்பிள்ளையை, எல்லாக் கருவியையும் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல். எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். நேராகப் பார்க்கும் படம் வேண்டாம், அதில் ஒன்றும் தெரியாது.

உன்,
பாலு