பூவும் எண்ணெயும் எவ்ளோ நாள் தாங்கும்னு கேட்டியே

அன்பு சேகர்,

உன் லெட்டர் வந்துச்சுடா. கீமோவுக்கு அப்புறம் வர்ற வாந்தி அடங்கி ராத்திரி நாலு வாய் சாப்பிட முடியுதுன்னு எழுதியிருந்தத சத்தமா படிச்சேன், உன் தங்கச்சிக்கு கண்ணு கலங்கிருச்சு. டாக்டர் எழுதிக் குடுத்த கஞ்சா பூவையும் எண்ணெயையும் ஜன்னல் பக்கத்து ஷெல்ஃப்ல வெச்சிருக்கேன்னு சொன்ன பாரு, அத மொதல்ல அங்கருந்து எடு.

இதுக்கு பெரிய எதிரியே வெளிச்சம்தான். 1976லயே லண்டன்ல ஃபேர்பேர்ன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் வெச்சுப் பாத்து எழுதிட்டாங்க, இருட்டுல ஒழுங்கா வெச்சா சாதாரண ரூம் சூட்டுலயே ஒண்ணு ரெண்டு வருஷம் ஓரளவு நிக்கும், ஆனா வெளிச்சம் பட்டா வேகமா போயிரும், அதுக்கு அடுத்தது காத்து. உள்ள வேலை செய்யற முக்கியமான பொருள் டிஹெச்சி, அது கொஞ்சம் கொஞ்சமா சிபிஎன்ங்கற வேற பொருளா மாறிடும், அதுக்கு வீரியம் ரொம்ப கம்மி. ரூம்லயே வெச்சிருந்த பூவுல டிஹெச்சி ஒரு வருஷத்துல சுமார் 16 சதவீதம், நாலு வருஷத்துல 40 சதவீதத்துக்கு மேல கொறஞ்சிருந்ததுன்னு பின்னாடி வந்த இன்னொரு ஆய்வு சொல்லுது.

அதனால பழுப்பு கலர் கண்ணாடி பாட்டில், மூடி டைட்டா இருக்கணும், பாதி காலியா இருக்கற பெரிய பாட்டில் வேணாம், உள்ள காத்து நிக்கும். ஈரப்பதம் 55லருந்து 65 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும், அதுக்குன்னே சின்ன பாக்கெட் விக்கிறாங்க, ஒண்ணு உள்ள போட்டுடு. ஃப்ரீசர்ல மட்டும் வெக்காத, பூ மேல பொடிப்பொடியா இருக்கற பிசின் முடி ஒடஞ்சு கொட்டிரும், மருந்தே அதுலதான்டா இருக்கு.

ஈரம் ஏறிட்டா பூஞ்சை புடிக்கும், எனக்கு பயமே இதுதான். உனக்கு இப்ப வெள்ளணு கம்மி, ஆஸ்பர்ஜில்லஸ் மாதிரி பூஞ்சை நுரையீரல்ல போய் உக்காந்தா தாங்க மாட்ட, சூடு பண்ணி இழுத்தா செத்துரும்னு நம்ப முடியாது. பிசின் வெளிச்சத்துல மின்னும், பூஞ்சை சிலந்தி வலை மாதிரி மங்கலா படர்ந்திருக்கும், மக்கல் வாடை வரும். லேசா சந்தேகம் வந்தாலும் தூக்கிப் போடு, காசு போனா போகட்டும். பூவா இழுக்கலாமா, எண்ணெயோட நிறுத்திக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டியா? கேக்கலன்னா அடுத்த தடவ போறப்ப மொத வேலையா கேளு.

எண்ணெய்ல பிரச்சன வேற, கலந்திருக்கற எண்ணெய்க்கு சிக்கு வாடை வந்தா முடிஞ்சுது. தெறந்த தேதிய பாட்டில் மேல எழுதி வெச்சுக்கோ, லேபிள்ல போட்ட தேதிக்கு மேல வெச்சுக்காத. கஞ்சா போட்டு கேக் மாதிரி செஞ்சதெல்லாம் சாதாரண கேக் கெடற நேரத்துல கெட்டுரும்.

நீ வாங்கின கம்மீஸ், அதான் கஞ்சா கலந்த ஜெல்லி, இருக்கே, அது பாக்க மிட்டாய் மாதிரியேதான் இருக்கு, பேரன் வேற தவழ்றத விட்டு நடக்க ஆரம்பிச்சிட்டான்னு எழுதியிருக்க. ஒண்ணு வாயில போட்டாலும் ஆஸ்பத்திரிக்குதான் ஓடணும். எல்லாத்தையும் பூட்டு போட்ட டப்பால உயரத்துல வெய்யி, சாவி உன்கிட்டயே இருக்கட்டும்.

அடுத்த ஸ்கேன் எப்பன்னு எழுதவே இல்லயே, தேதி சொல்லு, அன்னைக்கு நானும் கூட வரேன்.

உன்,
பாலு